பட்டறைப் பதில்கள்: அப்பாவின் அம்பாசிடரா, பெரியப்பாவின் மாருதியா?

இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை பழைய வண்டிகளைப் பற்றியவை. முதல் கடிதம் நீளம், அதற்கான பதில் இன்னும் நீளம். அடுத்தடுத்துக் காத்திருப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

"ஐயா, எங்கள் கொட்டகையில் இரண்டு வண்டிகள் நிற்கின்றன. ஒன்று, அப்பா வாங்கிய 1974 அம்பாசிடர் மார்க் 2. இன்னொன்று, பெரியப்பா கொடுத்த 1995 மாருதி 800. இரண்டையும் பராமரிக்க இடமும் இல்லை, காசும் இல்லை. வாரத்தில் இரண்டு மூன்று நாள் நானே ஓட்டிக்கொண்டு கும்பகோணம், திருவாரூர் போய்வர வேண்டும். கல்லூரியில் படிக்கும் மகளும் ஓட்டக் கற்றுக்கொள்ள ஆசைப்படுகிறாள். அம்பாசிடர்தான் கௌரவம் என்று உறவினர்கள் சொல்கிறார்கள். எதை வைத்துக்கொள்வது?"
தஞ்சாவூர் வாசகர்

மாருதியை வைத்துக்கொள்ளுங்கள். கௌரவம் பேசும் உறவினர்களில் எத்தனை பேர் மாதாமாதம் வந்து அம்பாசிடருக்குக் கிரீஸ் அடிப்பார்கள் என்று கேட்டுப் பாருங்கள். கூட்டம் தானாகக் கலைந்துவிடும்.

அம்பாசிடர் மட்டமான வண்டி என்று நான் சொல்லவில்லை. என் மேஸ்திரி எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்ததே அதன் பானட்டுக்குள்தான். ஆனால் அது யாருக்காகச் செய்த வண்டி என்று பார்க்க வேண்டும். இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசைக் காரை அப்படியே எடுத்து, மேற்கு வங்காளத்தில் உத்தர்பாரா தொழிற்சாலையில் 1950-களின் கடைசியில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் செய்யத் தொடங்கியது. நம் ஊரில் அதை வாங்கியவர்கள் யார்? மில் முதலாளி, டாக்டர், மிராசுதார், அரசாங்கம். அவர்கள் எல்லாரும் உட்கார்ந்தது பின் சீட்டில். அந்த வண்டியின் சுகமெல்லாம் பின்னால்தான் இருக்கிறது. கால் நீட்ட இடம், சோபா மாதிரி இருக்கை, பெரிய டிக்கி. முன்னால் இருப்பவர் சம்பளத்துக்கு ஓட்டுபவர். ஸ்டியரிங் கனமாக இருந்தாலும் கிளட்ச் முரண்டு பிடித்தாலும் அது அவர் பாடு.

மாருதி 800 வேறு ஜாதி. 1983 டிசம்பரில் குர்கானிலிருந்து முதல் வண்டி வெளியே வந்தபோது, அது ஓட்டுநர் வைத்துக்கொள்ள முடியாதவர்களுக்கான கார். பின் சீட்டில் மூன்று பெரியவர்கள் உட்கார்ந்தால் முழங்கால் முன் சீட்டில் இடிக்கும். ஆனால் ஸ்டியரிங்கைப் பிடித்தவருக்கு எல்லாம் கைக்கு எட்டும், எல்லாம் இலேசாக இருக்கும். ஆகவே உங்கள் கேள்விக்கு நான் திருப்பிக் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: நீங்கள் எந்த சீட்டில் உட்காரப் போகிறீர்கள்? கும்பகோணத்துக்கு நீங்களே ஓட்டிக்கொண்டு போவதாக எழுதியிருக்கிறீர்கள். மகள் கற்றுக்கொள்ளப் போவதும் முன் சீட்டில்தான்.

மகளை அம்பாசிடரில் உட்கார வைத்துப் பாருங்கள், நான் சொல்வது புரியும். முன் பக்கம் ஒரே நீள பெஞ்ச் சீட். கியர் ஸ்டியரிங் தண்டில் இருக்கும். ஹெட்லைட்டை டிம் அடிக்கிற சுவிட்ச் தரையில் இருக்கிறது, இடது காலால் மிதிக்க வேண்டும். எதிரே லாரி வரும்போது அதே இடது கால் கிளட்ச்சுக்கும் போக வேண்டும், டிம்முக்கும் போக வேண்டும். பழகியவருக்கு இதெல்லாம் ஒன்றுமே இல்லை. புதிதாகக் கற்கிற பெண்ணுக்கு முதல் வாரமே வெறுத்துப்போகும்.

அந்தக் கியரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஸ்டியரிங் தண்டோடு இறங்கும் கம்பிகள் கீழே போய் கியர் பெட்டியின் லீவர்களைப் பிடித்து இழுக்கும். அந்தக் கம்பிகளின் மூட்டில் இருக்கும் 'புஷ்' என்ற சின்ன வளையம் தேய்ந்துவிட்டால், இரண்டு கியர்களுக்கு நடுவில் சிக்கிக்கொண்டு எந்தப் பக்கமும் அசையாது. சிக்னலில் பின்னால் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டிருக்கும். அம்பாசிடர் ஓட்டுநர் பதற மாட்டார். இறங்குவார், பானட்டைத் தூக்குவார், கையை உள்ளே விட்டு லீவரை ஒரு தட்டு தட்டி நியூட்ரலுக்குக் கொண்டுவருவார், கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு ஏறி உட்கார்ந்து போய்விடுவார். ஒரு நிமிட வேலை. அம்பாசிடரின் பெருமையும் சிறுமையும் இந்த ஒரு நிமிடத்தில் அடங்கிவிட்டது. அது அடிக்கடி கெடும்; ஆனால் கெட்ட இடத்திலேயே சரியாகும். ஒரு செட் ஸ்பானர், கொஞ்சம் கட்டுக் கம்பி, ஒரு லேத் பட்டறை இருந்தால் எந்த ஊரிலும் அதை எழுப்பிவிடலாம்.

மாருதி அவ்வளவு எளிதில் கெடாது. அதனால்தான் அதன் சொந்தக்காரர்கள் பானட்டைத் திறப்பதே இல்லை. அதுதான் அதற்கு எமன்.

இப்போது கணக்கைப் பாருங்கள். உங்கள் அம்பாசிடர் ஒரு டன்னுக்கு மேல் எடை, 1,489 சி.சி. என்ஜின், பழைய கணக்கில் 55 குதிரைசக்தி. மாருதி ஏறக்குறைய 650 கிலோ, 796 சி.சி., மூன்று சிலிண்டர், 37 குதிரைசக்தி சொச்சம். எடைக்கு எடை பார்த்தால் சின்ன வண்டிதான் சுறுசுறுப்பு. மைலேஜ் விஷயத்தில், என் பட்டறைக்கு வரும் அம்பாசிடர்கள் லிட்டருக்கு ஒன்பது, பத்து கொடுத்தால் பெரிய விஷயம். ஒழுங்காக டியூன் செய்த 800 பதினாறுக்குக் குறையாது. பிரேக்கிலும் வித்தியாசம் உண்டு. அம்பாசிடருக்கு நாலு சக்கரத்திலும் டிரம்; மாருதிக்கு முன்னால் டிஸ்க். நாலு டிரம்மிலும் லைனிங்கை ஒரே சீராக அட்ஜஸ்ட் செய்யாவிட்டால், அவசரமாக மிதிக்கும்போது வண்டி ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போகும்.

சாலை மோசமானால் மட்டும் ஆட்டம் மாறும். முன்னால் டார்ஷன் பார் என்னும் முறுக்குக் கம்பி, பின்னால் ஸ்பிரிங் பட்டை, 15 அங்குலச் சக்கரம்; இந்த மூன்றையும் வைத்துக்கொண்டு பள்ளத்தை அம்பாசிடர் விழுங்கிவிடும். மாருதியின் 12 அங்குலச் சக்கரம் ஒவ்வொரு பள்ளத்தையும் உங்கள் முதுகுக்குச் சொல்லிக் காட்டும். நீங்கள் போகிற வழியெல்லாம் இப்போது நல்ல சாலை, ஆகவே அது பெரிய குறை இல்லை.

உதிரி பாகங்களுக்குப் பயப்பட வேண்டாம். அம்பாசிடர் சாமான் சென்னை புதுப்பேட்டையிலும் ஜி.பி. ரோட்டிலும் தேடினால் கிடைக்கும், தேட வேண்டும் என்பதுதான் விஷயம். 800-க்குத் தேடவே வேண்டாம். அதே 796 சி.சி. என்ஜினைத்தான் ஆம்னி வேனிலும் போட்டார்கள், ஆம்னி 2019 வரை தயாரிப்பில் இருந்தது. தஞ்சாவூரிலேயே எல்லாம் வாங்கிவிடலாம்.

ஆனால் முடிவு எடுப்பதற்கு முன்னால் மாருதியின் அடிவயிற்றைப் பாருங்கள். நான் இவ்வளவு நேரம் அதற்கு வக்காலத்து வாங்கியது தகடு நன்றாக இருந்தால் மட்டும்தான் செல்லும். ஓட்டுநர் கால் வைக்கும் இடத்தில் தரை விரிப்பைத் தூக்கி, தகட்டைக் கட்டை விரலால் அழுத்துங்கள். அப்பளம் மாதிரி நொறுங்கினால் அங்கேயே யோசிக்க வேண்டும். கதவுக்குக் கீழே ஓடும் அடிச்சட்டத்தை ஸ்க்ரூ டிரைவரின் கைப்பிடியால் நீளத்துக்கும் தட்டிக்கொண்டு போங்கள். நல்ல தகடு கணீரென்று பேசும். துருப்பிடித்தது மந்தமாக முனகும். ஜாக்கி வைக்கிற இடம், பேட்டரி உட்காரும் தட்டு, பானட்டுக்குள் முன் ஷாக் அப்சார்பரின் தலை பொருந்தும் மேடை, இந்த மூன்றையும் விடாதீர்கள். பெயின்ட் பளபளப்பாக இருக்கிறதே என்று மயங்க வேண்டாம். ஒரு காந்தத்தைத் துணியில் சுற்றி உடம்பெல்லாம் வைத்துப் பாருங்கள். ஒட்டாத இடத்தில் டிங்கர்காரர் பட்டி பூசியிருக்கிறார் என்று பொருள். என்ஜின் புகை தள்ளினால் சரிசெய்யலாம், கியர் பெட்டியை மாற்றலாம். அடித்தகடு போன 800-ஐ நானும் காப்பாற்ற மாட்டேன், எவரும் காப்பாற்ற முடியாது. அப்படிப் போயிருந்தால் இந்தப் பதிலைக் கிழித்துப் போட்டுவிட்டு, அம்பாசிடருக்கு ஒரு நல்ல மெக்கானிக்கைத் தேடுங்கள். அதன் தகடு கனம், அதிலும் துரு வரும், ஆனால் வெட்டி ஒட்டுவதற்குக் கொஞ்சமாவது மிச்சம் இருக்கும்.

தகடு தேறினால், ஓட்டுவதற்கு முன்னால், என்ஜின் வால்வுகளை நேரத்துக்குத் திறந்து மூட வைக்கும் டைமிங் பெல்ட்டை மாற்றிவிடுங்கள். பெல்ட் புதிதாகத் தெரிகிறது, ஓடவே இல்லையே என்று சொல்வீர்கள். ரப்பர் நின்றாலும் கிழடாகும். அம்பாசிடர் என்ஜினுக்குள் அதே வேலைக்கு இருப்பது சங்கிலி. தேய்ந்தால் கடகடவென்று சத்தம் போட்டு ஊரைக் கூட்டும். பெல்ட் வாயே திறக்காது, அறுந்து நடுவழியில் நிறுத்தும்.

இன்னொன்று. அம்பாசிடர் போனால் உலகத்தில் நூறு பேர் கண்ணீர் விடுவார்கள். அதை எடுத்துப் பளபளவென்று ஆக்கிக் கல்யாண ஊர்வலத்துக்கு விட ஆள் இருக்கிறது. 800-ஐ ஒருவரும் சீண்டுவதில்லை. எடைக்குப் போட்டுவிடுகிறார்கள். இந்த நாட்டில் நடுத்தரக் குடும்பத்தைச் சொந்தமாகக் கார் ஓட்ட வைத்தது அந்தக் குட்டி வண்டி. நல்லபடியாக இருக்கும் ஒன்று எடைக்குப் போனால் எனக்கு வயிறு எரியும். அம்பாசிடரை விற்றால் ஓட்டத் தெரிந்தவருக்கு விற்றுவிடுங்கள், ஓட்டல் வாசலில் பொம்மையாக நிறுத்துபவருக்கு வேண்டாம்.

"மேற்படி அம்பாசிடருக்கு வயது 50 தாண்டியிருந்தால் விண்டேஜ் பதிவு கிடைக்குமாமே? அதே வயதில் என்னிடமும் ஒன்று இருக்கிறது. வரி, கட்டணத் தொல்லை எல்லாம் தீர்ந்துவிடுமா?"
தஞ்சாவூர்க்காரரின் நண்பர், அதே உறையில்

கிடைக்கும். 2021-இல் வந்த விதிப்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு தாண்டிய, வாடகைக்கு ஓடாத இரு சக்கர, நாலு சக்கர வாகனங்களுக்கு 'வி.ஏ.' என்ற எழுத்துகளோடு தனி எண் தருகிறார்கள். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000.

ஆசைப்படுவதற்கு முன்னால் நிபந்தனையைப் படியுங்கள். அந்த எண் வாங்கிய வண்டியைத் தினசரி ஓட்டக் கூடாது. கண்காட்சி, பழைய கார் அணிவகுப்பு, ஆராய்ச்சி, பெட்ரோல் போடுவது, பழுதுபார்ப்பது, இவற்றுக்குத்தான் சாலைக்கு வரலாம். மாமியார் வீட்டுக்குப் போவது ஆராய்ச்சியில் சேராது.

அடுத்த நிபந்தனை, வண்டி மூல வடிவத்திலேயே இருக்க வேண்டும். அடிச்சட்டம், உடல், என்ஜின் எதையும் பெரிதாக மாற்றியிருக்கக் கூடாது. தமிழ்நாட்டில் பெட்ரோல் அம்பாசிடர்களில் எத்தனையோ வண்டிகள் எப்போதோ டீசல் என்ஜினுக்கு மாறிவிட்டன. உங்கள் பானட்டுக்குள் என்ன இருக்கிறது, ஆர்.சி. புத்தகத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று முதலில் ஒத்துப் பாருங்கள்.

ஓட்டத்தான் போகிறீர்கள் என்றால் வழக்கமான பதிவே போதும். 15 ஆண்டுக்குப் பிறகு ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்க வேண்டும். வண்டியை ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். 2025 ஆகஸ்டிலிருந்து 20 ஆண்டு தாண்டிய காருக்குக் கட்டணம் 10,000 ரூபாய். பசுமை வரி தனி. பெட்ரோல் வண்டிக்கு 15 ஆண்டு, டீசலுக்கு 10 ஆண்டு என்ற கெடு டெல்லி வட்டாரத்துச் சமாசாரம், அதை நினைத்து இங்கே தூக்கம் கெட வேண்டாம்.

"போன இதழில் அம்பாசிடரைக் 'கனத்த கிழவி' என்று எழுதியிருந்தீர்கள். மரத்தில் மோதினாலும் மரம்தான் சாயும், அம்பாசிடர் நிற்கும். உங்கள் மாருதி தகர டப்பா. உயிர் முக்கியமா, மைலேஜ் முக்கியமா?"
கோயம்புத்தூர் வாசகர், வயது 71

அண்ணா, மரம் சாய்ந்தது சரி, உள்ளே இருந்தவருக்கு என்ன ஆயிற்று என்று யாராவது விசாரித்தார்களா?

மோதும்போது வண்டி நசுங்காமல் நிற்பது நல்லது என்று நாம் நினைக்கிறோம். நசுங்கும்போதுதான் மோதலின் வேகத்தைத் தகடு வாங்கிக்கொள்கிறது. நசுங்கவே மறுத்தால் அந்த வேகம் முழுவதும் உள்ளே இருக்கும் உடம்புக்கு வரும். இப்போதைய கார்களில் முன் பகுதியை நசுங்குவதற்கென்றே வடிவமைக்கிறார்கள், ஆள் உட்காரும் கூட்டை மட்டும் உறுதியாக வைக்கிறார்கள். அம்பாசிடர் பிறந்த காலத்தில் அந்த எண்ணமே பரவவில்லை. ஸ்டியரிங் தண்டு இரும்புக் கம்பி மாதிரி நேராக நெஞ்சைப் பார்த்து நிற்கும். சீட் பெல்ட் கிடையாது. தலை சாய்க்க மேல் தாங்கி கிடையாது.

அதற்காக 800-ஐப் புகழ மாட்டேன். அதுவும் நெடுஞ்சாலை வேகத்துக்குப் பாதுகாப்பான வண்டி இல்லை. அதில் பெல்ட் இருக்கிறது, பிரேக் நன்றாகப் பிடிக்கிறது, அவ்வளவுதான் அதன் பக்கம் பேசலாம். இரண்டிலும் முன் சீட்டுக்கு நல்ல பெல்ட் போட்டு, எழுபதைத் தாண்டாமல் போங்கள். மலை இறங்கும்போது அம்பாசிடரை எந்தக் கியரில் ஏற்றினீர்களோ அதே கியரில் இறக்குங்கள். டிரம் சூடேறிவிட்டால் மிதி தரையைத் தொட்டாலும் வண்டி நிற்காது.

"சேலத்திலிருந்து ஓமலூர் போவதற்குள் என் 1986 அம்பாசிடர் வெயிலில் நின்றுவிடுகிறது. அரை மணி நேரம் கழித்துத் தானாக ஸ்டார்ட் ஆகிறது. காலையில் தொந்தரவே இல்லை. பேய் பிடித்ததா?"
சேலம் வாசகர்

பெட்ரோல் ஆவியாகிறது. என்ஜின் பக்கத்தில் மாட்டியிருக்கும் பெட்ரோல் பம்ப் சூட்டை வாங்கிக்கொண்டு, உள்ளே இருக்கும் பெட்ரோலைக் கொதிக்க வைக்கிறது. பம்ப்புக்குத் திரவத்தைத் தள்ளத் தெரியும், ஆவியைத் தள்ளத் தெரியாது. ஆறினதும் மறுபடி வேலை செய்கிறது. பழைய ஓட்டுநர்கள் பம்ப் மேல் ஈரத் துணியைச் சுற்றி வைத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள், அது மூட நம்பிக்கை இல்லை.

இப்போது எத்தனால் கலந்த பெட்ரோல் வருவதால் இந்தத் தொல்லை பழைய வண்டிகளில் கொஞ்சம் கூடுதல். 20 சதவீதம் வரை கலக்கிறார்கள். அந்தக் காலத்து ரப்பர் ஹோஸ், பம்ப் டயஃப்ரம், பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் கார்புரேட்டரின் கேஸ்கெட் எதுவும் எத்தனாலை மனதில் வைத்துச் செய்ததில்லை. மெல்ல மெல்ல இளகும், வெடிக்கும். ஆகவே முதல் வேலை, டேங்கிலிருந்து கார்புரேட்டர் வரை உள்ள ஹோஸ் முழுவதையும் எத்தனால் தாங்கும் புது ஹோஸாக மாற்றுவது. பெட்ரோல் ஒழுகி, என்ஜினிலிருந்து சைலன்சருக்குப் புகை போகும் சூடான குழாயான மேனிஃபோல்டில் சொட்டினால் வண்டியே எரியும், இதில் சிக்கனம் பார்க்காதீர்கள். இரண்டாவது, ரேடியேட்டரைக் கழற்றி அடைப்பு எடுக்கச் சொல்லுங்கள். மூன்றாவது, பம்ப்புக்கும் மேனிஃபோல்டுக்கும் நடுவில் ஒரு தகடு வைத்துச் சூட்டை மறியுங்கள். டின் கடையில் வெட்டித் தருவார்கள்.

நீண்ட நாள் நிறுத்துவதானால் எத்தனால் பெட்ரோலை டேங்கில் பாதி வைத்துவிட்டுப் போகாதீர்கள். அது காற்றின் ஈரத்தை இழுக்கும், டேங்க் உள்ளேயிருந்து துருப்பிடிக்கும்.

எஸ்.யு. என்ற வகைக் கார்புரேட்டர் இருக்கிற வண்டியாக இருந்தால், கழற்றியது கழற்றியபடி ஒரு சோதனை. ஏர் கிளீனரை எடுத்துவிட்டு, விரலை விட்டு உள்ளே இருக்கும் பிஸ்டனை மேலே தூக்கி விடுங்கள். நிதானமாக இறங்கி 'டொக்' என்று ஒரு சத்தத்தோடு உட்கார வேண்டும். நடுவில் தயங்கி நின்றால், அதன் அடியில் இருக்கும் ஊசி, பெட்ரோல் வரும் துளையான ஜெட்டை உரசுகிறது. மைலேஜ் போகிறது என்று புலம்புகிற பாதிப் பேருக்கு வியாதி இங்கேதான்.

"எங்கள் ஊரில் ஒருவர் பெட்ரோல் அம்பாசிடருக்கு இசுசு டீசல் என்ஜின் போட்டுத் தருவதாகச் சொல்கிறார். செய்யலாமா?"
ஈரோடு வாசகர்

ஆர்.டி.ஓ. அனுமதி வாங்கி, ஆர்.சி.யில் ஏற்றித் தருவாரா என்று கேளுங்கள். அதெல்லாம் எதற்கு என்று இழுத்தால் எழுந்து வந்துவிடுங்கள். விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ்காரர் முதலில் பார்ப்பது என்ஜின் எண்ணைத்தான்.

"ஐயா, நான் பத்தாம் வகுப்புப் படிக்கிறேன். அம்பாசிடரில் என்ஜின் நீளவாக்கில் இருக்கிறது, 800-இல் குறுக்கே இருக்கிறது. ஏன் மாற்றினார்கள்?"
நாகர்கோவில் மாணவி

நல்ல கண் அம்மா உனக்கு. பெரியவர்கள் பலர் இதைக் கவனித்ததே இல்லை.

அம்பாசிடரில் என்ஜின் முன்னால், அதன் பின்னால் கியர் பெட்டி, அதிலிருந்து வண்டியின் அடியில் நீளமாக ஒரு ஷாஃப்ட், அது போய்ப் பின் சக்கரத்தைச் சுழற்றுகிறது. இவ்வளவும் ஒரே நேர்கோட்டில். வண்டியின் நீளத்தில் பெரும்பங்கை இயந்திரமே எடுத்துக்கொள்கிறது. பின் சீட்டின் நடுவில் தரை மேடு தட்டி இருக்கிறதே, அது அந்த ஷாஃப்ட்டுக்காக.

800-இல் என்ஜினையும் கியர் பெட்டியையும் குறுக்கே திருப்பிப் படுக்க வைத்து, முன் சக்கரத்தையே சுழற்றிவிட்டார்கள். ஷாஃப்ட் வேண்டாம். பானட் குட்டையானது. அம்பாசிடர் 4.3 மீட்டர், 800 3.3 மீட்டர். ஒரு மீட்டர் குறைந்தும் நாலு பேர் உட்கார முடிவதற்கு இந்தத் திருப்பல்தான் காரணம். என்ஜினின் எடை சுழலும் சக்கரத்தின் மேலேயே இருப்பதால் சேற்றிலும் பிடிப்பு கிடைக்கும்.

இதில் ஒரு வேடிக்கை. என்ஜினைக் குறுக்கே வைப்பதை உலகம் முழுக்கப் பிரபலமாக்கியது இங்கிலாந்தின் மினி கார். அதை வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ், வெளியான ஆண்டு 1959. அதைச் செய்தது பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன், அதாவது அம்பாசிடரின் தாய் வண்டியான மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டைச் செய்த அதே கம்பெனி. உத்தர்பாராவில் அம்பாசிடர் நடை பழகிக்கொண்டிருந்த நேரத்தில், அதன் தாய் வீடு அடுத்த யுகத்துக்குப் போய்விட்டது. நமக்கு அந்த யுகம் வர 1983 ஆயிற்று, அதுவும் மாருதியோடு கைகோத்த ஜப்பானின் சுசுகி வழியாக. அதுவரை இங்கே இறக்குமதிக்குத் தடை, உற்பத்திக்கு லைசென்ஸ், வாங்க ஆண்டுக்கணக்கில் வரிசை. எதைச் செய்தாலும் விற்கும் என்ற நிலையில் எந்த முதலாளி என்ஜினைத் திருப்பிப் போடப் போகிறார்?

"இரண்டு வண்டியும் ஒரே ஆண்டில் நின்றுபோனது தற்செயலா?"
மதுரை வாசகர்

2014 ஜனவரியில் 800, மே மாதத்தில் அம்பாசிடர். ஆண்டு ஒன்று, காரணம் வேறு. 2010 ஏப்ரலில் சென்னை உட்பட 13 நகரங்களில் பாரத் ஸ்டேஜ் 4 புகை விதி வந்தது. 800-ஐ அதற்கு ஏற்ப மாற்றச் செலவு செய்வதற்குப் பதில் அந்த நகரங்களில் விற்பதையே கம்பெனி நிறுத்திக்கொண்டது. அதற்குள் ஆல்டோ அதன் இடத்தைப் பிடித்துவிட்டது. அதாவது சொந்தத் தம்பியே அண்ணனை ஓய்வு பெற வைத்தான். அம்பாசிடருக்கு வாரிசே இல்லை. வாங்க ஆளில்லாமல் உத்தர்பாரா வாசல் மூடியது. 2017-இல் அந்தப் பெயரை 80 கோடி ரூபாய்க்கு பிரான்சின் பெஜோ கம்பெனி வாங்கிக்கொண்டது.

"பழைய 800 ஒன்று வாங்கலாம் என்று இருக்கிறேன். 'அது பொம்பளை வண்டி, நெடுந்தூரம் தாங்காது' என்று கணவர் கேலி செய்கிறார். உண்மையா?"
திருச்சி வாசகி

முதல் பாதியைப் பாராட்டாக எடுத்துக்கொள்ளுங்கள், அம்மா. தோள் வலிக்காமல் திருப்பக்கூடிய ஸ்டியரிங்கும் காலுக்கு இலேசான கிளட்ச்சும் வந்த பிறகுதான் என் பட்டறைக்குப் பெண்கள் சாவியோடு வரத் தொடங்கினார்கள். அதற்கு முன்னால் பின் சீட்டில் இருந்து இறங்கி வந்து, ஓட்டுநரிடம் பேசச் சொல்வார்கள்.

இரண்டாம் பாதி தவறு. கூலன்ட் அளவு சரியாக இருந்து, ரேடியேட்டர் ஃபேன் தானாக ஓடினால் கன்னியாகுமரி வரை போகலாம். கேலி செய்கிற கணவரை வாங்கும் அன்று கூட்டிக்கொண்டு போய், என்ஜின் சூடேறும் வரை பானட்டைத் திறந்துவைத்து ஃபேன் சுற்றுகிறதா என்று பார்க்கும் வேலையை அவரிடம் கொடுங்கள். சுற்றாவிட்டால் அந்த வண்டி வேண்டாம். இந்த என்ஜின் சூடு தாங்காது, ஒரு முறை கொதித்தால் என்ஜினின் மேல் மூடியான ஹெட் வளைந்துவிடும்.

"தாத்தா இறந்து ஒரு மாதம் ஆகிறது. அவர் பெயரில் ஒரு பழைய பிரீமியர் பத்மினி கார் இருக்கிறது. வாங்க ஒருவர் வந்து முன்பணம் நீட்டுகிறார். வாங்கிக்கொள்ளலாமா?"
விழுப்புரம் வாசகர்

இப்போது வேண்டாம். வண்டி இன்னும் உங்களுடையது ஆகவில்லை. சொந்தக்காரர் இறந்த 30 நாளுக்குள் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குத் தெரிவித்து, மூன்று மாதத்துக்குள் படிவம் 31-இல் பெயர் மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். ஒரு மாதம் ஆயிற்று என்கிறீர்கள், இன்றே போய்விடுங்கள். இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், ஆர்.சி., இன்ஷூரன்ஸ் எல்லாம் கையில் இருக்கட்டும். அத்தை, சித்தப்பா என்று மற்ற வாரிசுகள் இருந்தால் ஆட்சேபணை இல்லை என்று எழுதி வாங்க வேண்டியிருக்கும். பத்மினிக்கு இப்போது நல்ல விலை என்று அவர்கள் காதில் விழுவதற்கு முன்னால் வாங்கிவிடுங்கள்.

பதிவுக் காலம் எப்போது முடிந்தது என்பதையும் ஆர்.சி.யில் பாருங்கள். முடிந்திருந்தால் படிவம் 25 கொடுத்துப் புதுப்பிக்க வேண்டும், அந்தச் செலவை விலையில் சேர்த்துக்கொள்ளுங்கள். உங்கள் பெயருக்கு ஆர்.சி. வந்த பிறகு, விற்பதற்கான படிவம் 29, 30-இல் கையெழுத்துப் போட்டு வாங்குபவருக்குக் கொடுக்கலாம். அதுவரை வெற்றுப் படிவத்தில் கையெழுத்து கேட்டால் போடாதீர்கள்.